கொண்டி போட்டாச்சா?

ராத்திரி அடுப்படியைக் கழுவிவிட்டு, பாலுக்கு உறை ஊற்றி, விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் எந்த வீட்டிலும் ஒரு குரல் கேட்கும். "கதவைச் சாத்தியாச்சா?" என்று. எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் அந்தக் குரல், "கொண்டி போட்டாச்சா?" என்று கேட்கும். பட்டணத்துச் சகோதரிகள் தாழ்ப்பாள் என்பீர்கள். சில ஊர்களில் கொக்கி என்பார்கள். நான் பிறந்த கும்பகோணத்தில்கூடத் தாழ்ப்பாள்தான். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு என் நாக்கிலும் கொண்டி என்ற சொல்லே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கதவை மாட்டுகிற ஒரு இரும்புத் துண்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? போன மே மாதம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் இரண்டு நாளில் சுற்றி வந்தோம். போன இடமெல்லாம் இந்தச் சொல் ஒவ்வொரு வேஷத்தில் எங்கள் முன்னால் வந்து நின்றது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். என் மாமியார் இருப்பது அரியலூர் ரோட்டில் உள்ள ஒரு கிராமம். அவர் வீட்டு வாசற்கதவின் உச்சியில் மூன்று கண்ணி கொண்ட ஒரு சங்கிலி தொங்கும். அதன் நுனியில் கைவிரல் நீளத்துக்கு இரும்புப் பட்டை. பட்டையில் ஒரு துளை. அதுதான் கொண்டி. நிலையின் மேல்கட்டையில் வளைத்து அடித்திருக்கும் இரும்புக்கு நாதாங்கி என்று பெயர். கொண்டியைத் தூக்கி நாதாங்கியில் மாட்டினால் கதவு அசையாது. வெளியூர் போகும்போது அதிலேயே பூட்டும் போட்டுக்கொள்ளலாம். கொல்லைப்புறக் கதவில் இருப்பது இன்னும் எளிது. ஒரு கொக்கி, ஒரு வளையம், அவ்வளவுதான். அதுவும் கொண்டிதான்.

எங்கள் பயணம் கிளம்பியதே ஒரு சண்டையில்தான். என் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டுத் திருச்சியில் ஆஸ்டலில் தங்கிப் படிக்க ஆசைப்பட்டாள். இவருக்குச் சம்மதம், எனக்கும் சம்மதம். மாமியாருக்குத்தான் மனசே இல்லை. பேத்தி சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பினாலே, "கொண்டி மாடு கெளம்பிடுச்சு பாரு!" என்பார்.

"அது என்ன அப்பாயி கொண்டி மாடு?" என்று இவள் கேட்க, மாமியார் விளக்கினார். "கட்டுத்தறியில நிக்காது. கயித்த அறுத்துக்கிட்டு அடுத்தவன் கொல்லையில போயி மேயும். அதான் கொண்டி மாடு."

எங்கள் பக்கம் கொல்லை என்றால் புஞ்சைக் காட்டையும் சொல்வார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி இது. ஒரு மாடு ஒரு ராத்திரி புகுந்தால் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு போய்விடும். அதனால் அந்த மாதிரி மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். ஓடினால் கட்டை முட்டியில் இடிக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் 1871-ல் இதற்கென்றே கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்துவிடுவார்கள். சொந்தக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும். பழைய தமிழில் இந்தப் பவுண்டுக்குக் கொண்டித்தொழு என்று பெயர்.

விந்தையைப் பார்த்தீர்களா! கதவைப் பிடித்து வைக்கும் இரும்புக்கும் கொண்டி என்று பெயர். எதற்கும் அடங்காமல் ஓடுகிற மாட்டுக்கும் அதே பெயர். அந்த மாட்டின் பெயரைத்தான் பெண்பிள்ளைகளுக்கு வசவாகச் சூட்டுகிறோம். பையன் ஊர் சுற்றினால், "கால்ல சக்கரம் கட்டியிருக்கான்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம்!

பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் மத்தளமாக இடி வாங்க முடியாமல், "எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்று கிளப்பிவிட்டேன். திங்கட்கிழமையாகப் பார்த்துக் கிளம்பியதற்குக் காரணம் இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில், வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறக்கும். மற்றபடி விசேஷ நாட்களில் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை போய் நின்றால் சாத்தின கதவைத்தான் கும்பிட்டுவிட்டு வர வேண்டும்.

மதுரையை எரித்த கண்ணகிதான் சினம் தணியாமல் நடந்து வந்து இங்கே தங்கினாள் என்பது தல வரலாறு. முதலில் இங்கே குடியிருந்த செல்லியம்மன் ஒரு மந்திரவாதியின் கொடுமையில் சிக்கியிருந்தாள். மதுரகாளி அவனை அழித்து அவளைக் காப்பாற்றினாள். நன்றிக்காகச் செல்லியம்மன் தன் இடத்தையே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உள்ள பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். மதுரகாளியும் திங்கள், வெள்ளியில் மட்டும் கீழே இருந்துவிட்டு மற்ற நாட்களில் மலைக்குப் போய்விடுகிறாள் என்கிறார்கள்.

இந்தக் கோயிலில் மாவிளக்கு ரொம்ப விசேஷம். வீட்டிலிருந்து மாவாகக் கொண்டுவராமல் அங்கேயே அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து விளக்கேற்றுவார்கள். மாமியார் உலக்கை பிடிக்க, மகள் மாவைத் தள்ளிக் கொடுக்க, இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முகம் பார்த்துப் பேசினார்கள்.

"ஏன் அப்பாயி, அம்மன் வாரத்துல ரெண்டு நாளுதான் வீட்டுல இருக்காங்களா? மத்த நாளெல்லாம் மலைக்குப் போயிடுறாங்களே, அவங்களை யாரும் கொண்டி மாடுன்னு சொல்லலையா?"

எனக்கு நெஞ்சு பக்கென்றது. மாமியார் உலக்கையை நிறுத்திவிட்டு, "சாமிய அப்பிடியெல்லாம் பேசக்கூடாது புள்ள!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு ஒளிந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையிலேயே அரியலூர்ப் பக்கம் கிளம்பினோம். 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2007-லிருந்து தனி மாவட்டம். சுண்ணாம்புக்கல் பூமியாதலால் சிமெண்டு ஆலைகள் நிறைய. கல் ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் வண்டி ஊர்ந்துதான் போகும்.

வழியில் ஒரு ஓட்டலில் காப்பி குடிக்க நிறுத்தினோம். ஊர் பெயரும் ஓட்டல் பெயரும் வேண்டாம். இது எந்த ஊரிலும் நடப்பதுதான். மகள் கழிவறைக்குப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். "அம்மா, கதவுல கொண்டி இல்ல." போய்ப் பார்த்தேன். நாதாங்கி மட்டும் நிலையில் இருந்தது. கொண்டி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம்.

"பரவாயில்லம்மா, சாயங்காலம் பாத்துக்கலாம். நான் தண்ணி குடிக்காம இருந்துக்கிறேன்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். "நீ உள்ள போ, நான் நிக்கிறேன்" என்று கதவுக்கு முதுகைக் கொடுத்துக் காவல் நின்றார். எழுபது வயசுக்கு மேல் ஆகிறது அவருக்கு!

வண்டியில் ஏறியதும் தானாகவே பேச ஆரம்பித்தார். "எங்க காலத்துல வீட்டுல கக்கூசு ஏது? விடியறதுக்கு முன்னாடி போவணும், இல்லேன்னா இருட்டுனப்புறம் போவணும். நடுவுல வந்துரக்கூடாதுன்னு வெயில்ல களை எடுக்கும்போதுகூடத் தண்ணி குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு வந்து எத்தன ராத்திரி துடிச்சிருக்கேன், யாருகிட்ட சொல்ல?"

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கினால் சிறுநீர்த் தாரையில் கிருமித் தொற்று வர ஏதுவாகும் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பெண்களுக்கு அந்தத் தாரையின் நீளம் குறைவு என்பதால் தொற்று சுலபமாக ஏறிவிடும். கொண்டி இல்லாத ஒரு கதவு உடம்புக்குள் என்னவெல்லாம் செய்துவிடுகிறது பாருங்கள்.

அடுத்து நாங்கள் போனது ஏலாக்குறிச்சி. திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர். இங்கேதான் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் வைத்தார். எல்லா மதத்துப் பெண்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாங்களும் ஏற்றினோம்.

சொல்லைப் பற்றிய என் கட்டுரைக்கு இந்த ஊர் ரொம்பப் பொருத்தம். அதுவரை தமிழில் சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். வீரமாமுனிவர்தான் 1732-ல் சதுரகராதியை எழுதி, அ, ஆ என்று எழுத்து வரிசையில் யாரும் தேடிப் பார்க்கும்படி செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று அதில் நான்கு பகுதிகள். ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வது பெயரகராதி.

கோயில் வளாகத்து மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டே இவர் கொண்டிக்கு வேர் சொன்னார். 'கொள்' என்பதுதான் மூலம். எடுத்துக்கொள்வது, பிடித்து வைத்துக்கொள்வது. நாதாங்கியைப் பிடித்துக்கொள்வதால் இரும்பு கொண்டி ஆயிற்று. பிறர் பயிரைத் தனதாக்கிக்கொள்வதால் மாடு கொண்டி ஆயிற்று. பெண்ணைக் கொண்டவன் கணவன். "கொண்டவன் தூற்றினால் கண்டவனும் தூற்றுவான்" என்று பழமொழியே இருக்கிறதே! பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள் கொண்டான், கொடுத்தான். கொள்ளையும் இதே குடும்பம்தான்.

"அப்பா, அடைக்கலம்னா என்ன வேர்?" என்றாள் மகள். அடை. 'அடைதல்' என்றால் போய்ச் சேர்வது. 'அடைத்தல்' என்றால் கதவைச் சாத்துவது. பயந்து ஓடி வந்தவளைச் சேர்த்துக்கொண்டு, துரத்தி வந்தவனுக்குக் கதவைச் சாத்துவதுதானே அடைக்கலம்!

மத்தியானத்துக்கு மேல் ஜெயங்கொண்டம் வந்து சேர்ந்தோம். ஜெயம் கொண்டது ஜெயங்கொண்டம். பார்த்தீர்களா, இங்கேயும் கொள்! அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கங்கை கொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கங்கை வரை படையெடுத்து வென்றதன் நினைவாக அமைத்த தலைநகரம். தோற்ற அரசர்களின் தலையில் கங்கை நீர்க் குடங்களை ஏற்றிக் கொண்டுவரச் செய்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த நீரைச் சேர்த்து வெட்டிய சோழகங்கம் என்ற ஏரி இன்று பொன்னேரி என்ற பெயரில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமானது. கங்கை கொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ல் அதோடு சேர்ந்தன.

மே மாத வெயிலில் கல்தரை காலைச் சுட்டுவிடும். நான்கு மணிக்கு மேல் போனால்தான் நிம்மதியாகப் பார்க்கலாம். வடக்கு வாசல் படியருகே சிவபெருமான் சண்டிகேசுவரர் தலையில் மாலை சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. தகப்பன் பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிற மாதிரி அவ்வளவு வாஞ்சை! உள்ளே ஒரே கல்லில் தாமரை வடிவில் சூரிய பீடம் இருக்கிறது. அது சாளுக்கிய நாட்டிலிருந்து வெற்றிப் பொருளாக வந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கலிங்க நாட்டுச் சிற்பங்களும் இருக்கின்றன. போரில் வென்று எடுத்து வந்த பொருளுக்குப் பழந்தமிழில் என்ன பெயர் தெரியுமா? கொண்டி!

பொருள் மட்டுமா? பெண்களும்தான். பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். பகைவர் நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவந்த பெண்கள். அவர்கள் குளித்துவிட்டு வந்து, ஊர்ப் பொதுவிடத்தை மெழுகி, அந்தியில் விளக்கேற்றி வைப்பார்களாம். பிற்காலத்துச் சோழர் அரண்மனைகளில் வேளம் என்று பெண்கள் குடியிருப்புகள் இருந்தன. போரில் பிடிபட்ட பெண்களும் அங்கே வைக்கப்பட்டார்கள் என்பது வரலாற்று அறிஞர்கள் கருத்து. எங்கோ ஒரு ஊரில் தன் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவள், பிறர் ஊரில் பிறர் சாமிக்கு விளக்கேற்றும்போது என்ன நினைத்திருப்பாள்! அவள் கதவின் கொண்டி வெளிப்பக்கமாக அல்லவா இருந்திருக்கும்!

கொண்டி கொண்டவர்களும் ஒரு நாள் கொடுத்துத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் உடைத்து அந்தக் கற்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு விமானம் முழுசாகவும், சுற்றிலும் மதில் மொட்டையாகவும் தெரியும்.

புல்தரையில் உட்கார்ந்து இதையெல்லாம் இவர் சொல்லச் சொல்ல, மாமியார் ஒன்றுமே பேசவில்லை. வெகுநேரம் கழித்துப் பேத்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஆஸ்டல்ல ரூம்பு கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்குமா?"

"இருக்கும் அப்பாயி. நான் போயிப் பாத்துட்டுத்தான் சேருவேன்."

"பாத்ரூம்புக்கு?"

"அதையும் பாக்குறேன்."

"அப்பச் சரி" என்றார். அவ்வளவுதான்! ஜூன் மாதம் மகள் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். மாமியார் அவள் பெட்டியில் வைத்துக் கொடுத்தது ஒரு புதுப் பூட்டு.

சகோதரிகளே, இந்தச் சொல்லின் பொருள்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. கொண்டி நல்லதா கெட்டதா என்பது அது கதவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உள்ளே இருப்பவள் கைக்கு எட்டினால் காவல். வெளியே நிற்பவன் கையில் இருந்தால் சிறை. வெளியே போகிற பெண்ணைக் கொண்டி மாடு என்று வைவதைவிட, அவள் போகிற இடத்துக் கதவுகளில் கொண்டி இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

அதனால் நாம் வீட்டிலும் வெளியிலும் கவனிக்கச் சில விஷயங்கள்:

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கழிவறைக் கதவில் கொண்டி இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். இல்லையென்றால் நான்கு தாய்மார்கள் சேர்ந்து சொல்லுங்கள். செலவு அதிகமில்லை, பெண் குழந்தைகள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள்.

தவழ்ந்து எழுந்து நடக்கிற குழந்தை இருக்கும் வீட்டில், குளியலறையின் உள்கொண்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாற்றி அடியுங்கள். குழந்தை உள்ளே போய் மாட்டிக்கொண்டு அலறுவதைத் தவிர்க்கலாம்.

வயதானவர்கள் இருந்தால் குளியலறைக்குக் கனமான தாழ்ப்பாளைவிட எளிய கொக்கிக் கொண்டியே நல்லது. அவர்கள் உள்ளே வழுக்கி விழுந்துவிட்டால், கதவிடுக்கில் மெல்லிய இரும்பு ஸ்கேலை நுழைத்து வெளியிலிருந்து தூக்கிவிடலாம். அதே காரணத்தால் வாசற்கதவுக்கு அந்தக் கொக்கி மட்டும் போதாது. அங்கே நல்ல தாழ்ப்பாள் வேண்டும்.

மழைக்காலத்தில் கொண்டி நாதாங்கியில் மாட்டவில்லையென்றால் கொண்டியைத் தட்டி வளைக்காதீர்கள். ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், அல்லது மேல்கீலின் திருகாணி தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். முதலில் திருகாணியை முறுக்கிப் பாருங்கள். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்குச் சேரும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

இரண்டு நாள் லீவு கிடைத்தால் நீங்களும் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சிறுவாச்சூருக்கு மட்டும் திங்களோ வெள்ளியோ பார்த்து வாருங்கள். கையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தைரியமாகக் குடியுங்கள். வழியில் கொண்டி இல்லாத கதவைப் பார்த்தால், வாயை மூடிக்கொண்டு வந்துவிடாமல் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து வருகிற பெண் நன்றி சொல்வாள்.